முழு சார்ஜில் மலையிறங்கிய வண்டி

எங்கள் கம்பெனி மூடி நாளாகிவிட்டது. ஆனாலும் சேலத்தில் தெரிந்தவர்கள் யாராவது டீக்கடையிலோ கல்யாண மண்டபத்திலோ என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க மாணிக்கண்ணா, அந்த எலெக்ட்ரிக் பைக் கம்பெனி எதுக்குங்க படுத்துக்கிச்சு?" என்று கேட்பது நிற்கவில்லை. முதல் போட்டவர்கள் கைவிட்டார்கள் என்பேன். பெரிய கம்பெனிகள் எங்களைவிடக் குறைந்த விலையில் வண்டி இறக்கின என்பேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அங்கே வேலை பார்த்த நான்கு வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பயம்தான். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. இப்போது தெருவுக்கு நாலு எலெக்ட்ரிக் வண்டி ஓடுகிறது. புதுப்புதுக் கம்பெனிகள் வருகின்றன, போகின்றன. அதனால் எழுதி வைக்கிறேன்.

முப்பது வருஷம் நான் பெட்ரோல் வண்டிக்காரன். சேலத்தில் ஒரு ஷோரூமின் ஒர்க்‌ஷாப்பில் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஹெட் மெக்கானிக்காக வெளியே வந்தேன். ஐம்பத்தாறு வயதில் இந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் இன்சார்ஜாகப் போனேன். முதல் வாரமே கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றொரு கையால் மட்டும் பேட்டரி டெர்மினலைத் தொடக் கற்றுக்கொடுத்தார்கள். பெட்ரோல் வண்டி கெட்டுப்போவதற்கு முன்னால் இருமும், திக்கும், புகையும். அதைக் கேட்டே முப்பது வருஷம் பிழைத்தவன் நான். இந்த வண்டி ஒன்றும் சொல்லாது. நன்றாக ஓடும்போதும் சத்தமில்லை, சாகப்போகும்போதும் சத்தமில்லை. அந்த அமைதி எனக்குக் கடைசி வரை பழகவில்லை.

ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற வழியில் ஒரு வாடகை ஷெட்தான் கம்பெனி. மொத்தம் இருபத்திரண்டு பேர். முதலாளி சரவணக்குமாருக்கு முப்பத்தொரு வயது. எல்லோரும் எம்.டி. என்போம், நான் மட்டும் தம்பி என்பேன். வண்டியின் சட்டத்தையும் உடம்பையும் நாங்கள் செய்தோம். மோட்டார் ஓரிடத்திலிருந்து வரும், அதை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலர் வேறிடத்திலிருந்து, பேட்டரி மூன்றாவது இடத்திலிருந்து. ஏதாவது தகராறு என்றால் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் கை காட்டுவார்கள். பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுக்கும், நாங்கள் ஐம்பது கொடுப்போம். அதனால் எங்கள் போனைக் கடைசியில்தான் எடுப்பார்கள். எங்கள் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது. இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது நான் நினைக்கவில்லை.

சோதனைப் பிரிவுக்குத் தலைவி பொற்கொடி மேடம். நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யார் பழுது சொல்லி வந்தாலும் பழுதைக் கடைசியில்தான் கேட்பார். "அதுக்கு முந்தி என்னங்க பண்ணாங்க? அதுக்கும் முந்தி?" என்று பின்னோக்கியே போவார். கேட்டதைப் பென்சிலால் எழுதுவார். எழுதியதை நம்மிடமே படித்துக்காட்டி, "இதுல உங்களுக்குத் தெரிஞ்சது எது, நீங்க நெனச்சுக்கிட்டது எது?" என்பார். நினைத்துக்கொண்டதையெல்லாம் அடித்துவிடுவார். என் முதல் ரிப்போர்ட்டில் இரண்டு வரிதான் மிஞ்சியது.

ஏற்காடு மலை ரோடுதான் எங்களுக்குப் பரிசோதனைக்கூடம். காலை ஆறு மணிக்கு முழு சார்ஜோடு ஷெட்டை விட்டுக் கிளம்புவேன். பின்னால் எண்பது கிலோ மணல் மூட்டை. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஐந்து, பத்து, பதினைந்து, இருபதாவது வளைவுகளில் நிறுத்தி, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி, பிரேக் டிஸ்க் நான்கின் சூட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே ஏரிக்கரையில் அரை மணி நேரம் ஆறவிட்டு இறங்குவேன். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் மோட்டாரே பிரேக்காக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்படிப் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி ஏறும். ஏறும்போது செலவானதில் கொஞ்சம் இறங்கும்போது திரும்பக் கிடைக்கும். இதைச் சொல்லித்தான் மலைக்காரர்களுக்கு வண்டி விற்றோம். மோட்டார் பிடிக்கிறதே என்று டிஸ்க்கையும் சிறியதாக வைத்திருந்தோம். அந்த ரோட்டில் எழுபது தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட வண்டி மக்கர் பண்ணவில்லை.

மலையில் பதினான்கு வண்டிகள் விற்றோம். முதல் ஆள் மலைமேல் கொட்டச்சேடு என்ற ஊர்க்காரர் சடையன். காப்பியும் மிளகும் கொஞ்சம் ஆரஞ்சும் வைத்திருந்தார். வண்டியை நிதானமாக ஓட்டுகிறவர். ஒரு திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்குக் மலையின் இன்னொரு பக்கம் குப்பனூர் ரோட்டில் இறங்கும்போது வளைவில் ரோட்டை விட்டுப் பாய்ந்து கீழே விழுந்தார். ஒரு சில்வர் ஓக் மரம் தடுத்ததால் உயிர் தங்கியது. தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி செத்துப் போச்சுங்க சார். மீட்டரு, ஆரனு ஒண்ணும் இல்லீங்க. பிரேக்கைப் புடிச்சா பஞ்சு மாதிரி உள்ள போவுதுங்க" என்றார்.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். சாவியைப் போட்டதும் மீட்டர் எரிந்தது. மோட்டார் சுற்றியது. பிரேக் கல் மாதிரிப் பிடித்தது. வண்டிக்குள் பதிவாகும் கணக்கு மட்டும் விழுவதற்குச் சில நிமிஷம் முன்பே நின்றிருந்தது. கன்ட்ரோலர்காரர்கள் பேட்டரியைப் பாருங்கள் என்றார்கள். பேட்டரிக்காரர்கள் கன்ட்ரோலரைப் பாருங்கள் என்றார்கள். எம்.டி., "வேகமா எறங்கியிருப்பாருங்கண்ணா" என்றார். பொற்கொடி மேடம் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "விழறதுக்கு முந்தி என்ன பண்ணினாருன்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் கொட்டச்சேடு போனேன். சடையன் மனைவி செல்லி களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஊட்டுல இருந்து கெளம்பறதுக்கு முந்தி என்னம்மா பண்ணினாரு?"

"என்னத்தப் பண்ணுனாரு, சோறு தின்னாரு. விடியக்காலமே கரண்டுல மாட்டுவாருங்க. நீங்கதான சொன்னீங்க, நெறையப் போட்டுக்கிட்டுப் போனா நடுவழியில நிக்காதுன்னு. நூறு காட்டுனாத்தான் எடுப்பாருங்க. அன்னிக்கும் நூறு காட்டுச்சுன்னு சொல்லிப்புட்டுத்தான் போனாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் கீழே இருப்பவர்கள். முழு சார்ஜோடு கிளம்பினாலும் மலையேறி முடிக்கும்போது பேட்டரி பாதிதான் இருக்கும். எழுபது தடவையும் அந்தப் பாதி பேட்டரியோடுதான் நான் இறங்கினேன். இவர்கள் மேலே குடியிருப்பவர்கள். வீட்டில் முழுசாக நிரப்பிக்கொண்டு நேராக இறக்கத்தில் விடுகிறார்கள். நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? மேலே குடியிருப்பவன் எப்படிக் கிளம்புவான் என்று எங்கள் இருபத்திரண்டு பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடமும் நானும் ஒரு வண்டியை வேனில் ஏற்றி மேலே கொண்டுபோனோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் நூறு காட்டும் வரை சார்ஜ் போட்டோம். "நான் ஓட்டறேங்க" என்றார் மேடம். நான் விடவில்லை. மணல் மூட்டையை மட்டும் கழற்றிவிட்டு, முழங்கால் காப்பு, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டேன். மேடம் வேனில் பின்னால் வந்தார். மணி பதினொன்றரை. வெயிலும் மூடுபனியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

இருபதாவது வளைவு, பத்தொன்பது, பதினெட்டு. மோட்டார் பிடித்தது. நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. பதினேழாவது வளைவுக்குச் சற்று முன்னால் இருக்கைக்கு அடியில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். மீட்டர் அணைந்தது. வண்டியைப் பின்னாலிருந்து பிடித்திருந்த கை ஒன்று சட்டென்று விட்டுவிட்ட மாதிரி வண்டி முன்னால் பாய்ந்தது. ஹாரன் இல்லை. பிரேக் லைட் இல்லை. பெட்ரோல் வண்டி என்றால் கியரைக் குறைக்கலாம், இதில் கியரே கிடையாது. முன் பிரேக்கும் பின் பிரேக்கும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே இரண்டு வளைவு தாண்டினேன். தீய்ந்த வாடை வந்தது. பதினான்கில் லீவர் கொஞ்சம் உள்ளே போனது. பதின்மூன்றில் ஹேண்டில்பாரைத் தொட்டது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது என்று மூளைக்குத் தெரிகிறது, விரல் மட்டும் திரும்பத் திரும்ப லீவரை அமுக்குகிறது. சடையன் சொன்ன பஞ்சு இதுதான்.

கீழேயிருந்து பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது. ஹாரன் இல்லாததால் வாயாலேயே கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலை. எதிரே பஸ் தென்படுவதற்குள் ரோட்டைக் குறுக்கே கடந்து வண்டியை மலைப்பக்க வடிகாலுக்குள் இறக்கினேன். சக்கரம் கல்லில் உரசி, முட்டி, சாய்ந்தது. நான் பாறையில் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலில் ஒரு பாட்டி வாயைப் பிளந்து என்னைப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

மேடம் ஓடிவந்தார். அடிபட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் டிஸ்க்கின் சூட்டை அளந்துவிட்டு நோட்டில் எழுதப் போனார். பென்சில் முனை இரண்டு முறை உடைந்தது.

அன்று சாயங்காலம் எம்.டி.யிடம் சொன்னோம். நிரம்பிய பேட்டரிக்குள் கரண்ட் திரும்பிப் போனதும் பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இணைப்பைத் துண்டிக்கிறது. துண்டித்ததும் மொத்த வண்டியும் சாகிறது. மிச்சம் அந்தச் சின்ன டிஸ்க்தான். அது இருபது வளைவு தாங்காது. கொஞ்ச நேரம் ஆறியதும் பேட்டரியும் பிரேக்கும் பழையபடி வேலை செய்துவிடும், அதனால்தான் சடையன் வண்டி ஷெட்டில் குறையே காட்டவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது. அவர் கெட்டவர் இல்லை. அடுத்த புதன்கிழமை முதலீட்டாளர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனி.

"கன்ட்ரோலர் புரோகிராமை மாத்தினாப் போதும்தானுங்க? ஒரு வாரம் குடுங்க. இப்ப வெளிய சொன்னா ஊர் பூராப் பரவிடும். இருபத்திரண்டு குடும்பம் இருக்குதுங்கண்ணா."

"மலை மேல இன்னும் பதிமூணு வண்டி இருக்குங்க" என்றார் மேடம்.

"நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார் எம்.டி. மேடம் நோட்டை மூடினார். நான் வீட்டுக்குப் போனேன், சாப்பிட்டேன், படுத்தேன். எனக்கும் போன் இருந்தது. பதிமூன்று பேர் நம்பரும் அதில் இருந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேடம் போன் செய்தார். "நான் எல்லார்த்தையும் கூப்பிடப் போறேங்க. வேலை போனாப் போவுட்டும்." ஷெட்டுக்கு ஓடினேன். எங்களுக்கு முன்னால் எம்.டி. அங்கே உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் சட்டையிலேயே இருந்தார். நம்பர் லிஸ்ட்டை மூன்றாகக் கிழித்து ஆளுக்கொன்று கொடுத்தார். ஏழரை மணிக்குள் பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டோம். வண்டியை எடுக்காதீர்கள், நாங்கள் வந்து சொல்கிறோம் என்றோம். பதிமூன்றாவது ஆள் மரகதம். ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சிக்னல் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டால் அங்கிருந்த அம்மா, "சனிக்கெழமையாச்சுங்களே, பாப்பாவப் பேச்சுப் பயிற்சிக்குச் சேலம் கூட்டிக்கிட்டுப் போவாங்க. வண்டியிலதான் கெளம்பிட்டாங்க" என்றார்.

எந்த ரோடு என்று அவருக்குத் தெரியவில்லை. மேடமும் எம்.டி.யும் ஏற்காடு ரோட்டில் ஏறினார்கள். நான் வேனை எடுத்துக்கொண்டு குப்பனூர் வழியே ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் முதலில் ரோட்டைப் பார்ப்பேன், பிறகு பள்ளத்தைப் பார்ப்பேன். எதிரே வரும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு அம்மாவும் பின்னால் ஒரு குழந்தையும் தெரிந்த மாதிரி இருக்கும். கிட்டே வந்தால் வேறு யாரோ. கொட்டச்சேட்டுக்குக் கொஞ்சம் கீழே, வளைவு தாண்டியதும், எங்கள் நீல வண்டி ஓரமாக நின்றது. ஆளில்லை. கைப்பிடியில் ஒரு சிவப்புப் பை தொங்கியது. பக்கத்தில் தடுப்புச் சுவர் இல்லை.

வேனை நடு ரோட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினேன். விளிம்பில் நின்று கீழே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "மரகதம்!" என்று கத்தினேன்.

"ஏனுங்க?" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மலைப்பக்கம் ஒரு குழாயடியில் அவர் மகளுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார். வளைவில் பாப்பாவுக்கு வாந்தி வந்துவிட்டதாம். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு எவ்வளவு சார்ஜ் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எங்கீங்க, விடியக்காலமே கரண்ட் போயிருச்சு. பாதிதான் ஏறுச்சு. போற வரைக்கும் போவட்டும்னு எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

அவர்களைக் காப்பாற்றியது எங்கள் போனும் இல்லை, என் வேனும் இல்லை. மலையில் போன கரண்ட். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார். முடிவில் ஒரே ஒரு கேள்வி.

"உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க இது?"

"நேத்து மத்தியானம்."

அவர் திட்டவில்லை. வண்டிச் சாவியை என் கையில் வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். பாப்பா கையைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் வரை எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

புதன்கிழமை முதலீட்டாளர்களிடம் எம்.டி. தானே எல்லாவற்றையும் சொன்னார். அதற்கு அவரை நான் மதிக்கிறேன். அவர்கள் நேர்மையைப் பாராட்டிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. பதிமூன்று வண்டிக்கும் பெரிய டிஸ்க் போட்டோம். நூறு வரை ஏறாதபடி சார்ஜரை மாற்றினோம். கன்ட்ரோலர் புரோகிராம் மாறி வர மூன்று மாதம் ஆனது. அதற்குள் பெரிய கம்பெனிகளின் வண்டிகள் சேலத்துக்கு வந்துவிட்டன. ஒரு தப்பு நடந்தால் ஒரு மாதத்தில் திருத்திக்கொண்டு போக அவர்களிடம் ஆளும் இருப்பும் உண்டு. எங்களுக்கு ஒரே ஒரு தப்புக்குத்தான் இடம் இருந்தது. ஷெட் காலியான அன்று மேடம் தன் நோட்டுகளை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் வேலைக்குப் போனார். நான் வீட்டுக்கு வந்தேன்.

இதுவரை எழுதாமல் ஒன்றைத் தள்ளிக்கொண்டே வந்தேன். சடையன் விழுந்த மூன்றாம் நாள் அவருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் போனது. வண்டியில் குறையில்லை, ஓட்டியவரின் கவனக்குறைவே காரணம் என்று. சர்வீஸ் இன்சார்ஜ் என்ற இடத்தில் கையெழுத்து என்னுடையது. உண்மை தெரிந்த பிறகு அவருடைய வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ஆனால் எழுத்தில் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கம்பெனியும் போய்விட்டது, கடிதம் மட்டும் அப்படியே நின்றது.

மூடிய பிறகு, இனி உதிரி பாகம் வராது என்று சொல்லக் கொட்டச்சேட்டுக்குப் போனேன். சடையன் ஊன்றுகோலோடு எழுந்து வந்தார். வண்டியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"வண்டி கெடக்கட்டும் சார். நாங் குடிச்சுப்போட்டு விழுந்தேன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. சேர்வராயன் கோயில் திருவிழாவுல எம் பங்காளியே மூஞ்சிக்கு நேரா கேட்டுப்போட்டான். கம்பெனிக் கடுதாசிய எவனோ படிச்சுக் காட்டிட்டானுங்க. நாந் தொட்டது கெடையாதுங்க. எம்மேல தப்பில்லீன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வக்கீல் சொன்னது, கோர்ட்டு, என் வயது, எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. செல்லி தன் பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தார். வண்டியில் என்ன குறை, அது எனக்கு எப்போது தெரிந்தது, முதல் கடிதம் ஏன் தப்பு என்று எழுதினேன். குறை இருப்பது தெரியாமல் கையெழுத்துப் போட்டவன் நான்தான் என்றும் எழுதினேன். பெயர், வீட்டு விலாசம், தேதி எல்லாம் போட்டேன். ஒரு பக்கம் நிரம்பியது.

செல்லி எட்டாவது வரை படித்தவர். தாளை வாங்கி முதலில் மனதுக்குள் படித்தார். பிறகு வாசலுக்குப் போனார். குழாயடியில் நாலைந்து பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் பார்க்காமல், ஆனால் அவர்களுக்குக் கேட்கும்படியாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சத்தமாகப் படித்தார். குடங்களின் சத்தம் நின்றது.

முடித்துத் தாளை மடிக்கப் போனபோது சடையன் உள்ளேயிருந்து சொன்னார்.

"மடிக்காத. இன்னொருக்காப் படி."